ராபர்ட் ஓவனும் அவர்தம் ஆலைத் தொழிலாளரும்

பிறரைக்கொண்டு வேலை நடத்துவோர் யாவர்க்கும் இரண்டு கவலைகள் உள. வேலை செய்வோன் மனமுவந்து செய்யவேண்டுமென்பது ஒன்று. செய்ததற்கும் செய்யாது விட்டதற்கும் அவன் பொறுப்புச் சொல்லவேண்டுமென்பது மற்றொன்று. நம் சங்கத்துக் குடும்பங்களிற் கடையோ, மண்டியோ, பட்டறையோ, ஆலையோ நடத்துவன பல; அவ்விடங்களிற் சம்பளத்திற்கு அமர்ந்திருப்பன அவற்றினும் பல. ஆதலின் இவ்விரு திறத்தாரும் ஒருங்கிருந்து படித்தற்குரிய சரித்திரமொன்றை இத்திங்கள் எழுதத் துணிந்தோம். அது ராபர்ட் ஓவன் என்னும் பெரியாருடைய சரித்திரம். கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி என்று அவர் பெயரைப் பலர் கேட்டிருப்பர். அவர் ஓர் ஆலையின் மானேஜராகவும் முதலாளியாகவும் இருந்து கால் நூற்றாண்டுக் காலம் ஆட்களை நடத்திய விதத்தை அறிந்தவர் மிகச் சிலரே. நாம் ஈண்டுச் சொல்லப் புகுந்தது அதனையே.

இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டில், நியூடவுன் என்னும் சிற்றூரில், 1771ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் தேதி ஓவன் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணமும் இரும்புச் சாமான்களும் விற்றுவந்தவர். அவ்வூர்த் தபால் வேலையும் அவரிடமே இருந்தது. ஓவன் பள்ளிக்குச் சென்றது ஒன்பது வயது மட்டுமே. பத்து வயதில் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து ஸ்டாம்போர்டு என்னும் ஊரில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் நடத்திவந்த ஜவுளிக்கடையில் அமர்ந்தார். முதலாண்டு சாப்பாடும் தங்குமிடமும் அன்றிச் சம்பளம் கிடையாது. இரண்டாம் ஆண்டு 8 பவுன். மூன்றாம் ஆண்டு 10 பவுன். அக்கடைக்காரர் நேர்மையாளர், வேலைக்கமர்ந்த சிறுவனைத் தம் வீட்டுப் பிள்ளைபோல் வைத்துக்கொண்டார். பின்னர் லண்டனில் வேறொரு கடைக்கு ஓவன் சென்றபோது கண்டது நேர்மாறானது. அங்கே வியாபாரம் பெரிது, கூட்டம் பெரிது. வந்தவர்கள் போனபின் கலைந்துகிடக்கும் சரக்குகளை மடித்து அடுக்கி முடிக்க நள்ளிரவு கடந்துவிடும். பலநாள் மாடிப்படி ஏறிப் படுக்கைக்குச் செல்லவும் கால்கள் இடங்கொடா. ஒரே தொழிலில் இருவகை முதலாளிகளைப் பதினாறு வயதுக்குள் அவர் பார்த்துவிட்டார். பிற்காலத்தில் அவர் நடந்துகொண்ட முறைக்கு இவ்விரு கடைகளும் பள்ளிக்கூடங்களாயின என்பது நம் கருத்து.

நிற்க. மான்செஸ்டர் நகரில் அக்காலத்திற் பஞ்சு நூற்கும் இயந்திரங்கள் புதிதாக வந்து பரவிக்கொண்டிருந்தன. ஓவன் அங்குச் சென்று, தம் தமையனாரிடம் 100 பவுன் கடன் வாங்கி, ஒரு கூட்டாளியுடன் நூற்கும் இயந்திரங்கள் செய்யும் பட்டறை வைத்தார். பின்பு தனியே பிரிந்து, மூன்று இயந்திரங்களை வைத்துக்கொண்டு சிறிதளவில் நூல் நூற்றார். அப்பொழுது டிரிங்க்வாட்டர் என்னும் செல்வர் தம் ஆலைக்கு மானேஜர் வேண்டுமென்று விளம்பரம் செய்திருந்தார். இருபது வயதளவினராகிய ஓவன் அவரிடம் நேரிற் சென்று கேட்டார். வாரத்தில் எத்தனைமுறை குடிப்பாய் என்பது முதற்கேள்வி. தாம் ஒருநாளும் குடித்து மயங்கியதில்லையென்று ஓவன் முகஞ்சிவக்க மறுமொழி சொன்னார். சம்பளம் என்ன வேண்டுமென்று கேட்டதற்கு ஆண்டுக்கு 300 பவுன் என்றார். அன்று காலையில் வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டதும் அவ்வளவாகாதென்று செல்வர் திகைத்தார். தமது சிறுதொழிலில் இப்பொழுதே அத்தொகை வருகிறதென்று கூறி ஓவன் தம் கணக்குப் புத்தகங்களைக் காட்டினார், வேலை கிடைத்தது.

இளைஞர்கள் இதனைப் படித்துத் துணிவுகொள்ளலாம். ஆயினும் அடுத்து நிகழ்ந்ததே நாம் ஊன்றிப் பார்க்கத்தக்கது. அவ்வாலையில் ஆண், பெண், சிறுவர் எனச் சுமார் 500 பேர் வேலை செய்தனர். அங்குள்ள நேர்த்தியான நூற்புமுறையை ஓவன் அதற்குமுன் அறிந்தவரல்லர். வந்த அன்றே அதிகாரம் செய்திருப்பாராயின் 500 பேரும் நகைத்திருப்பர். அவர் செய்தது வேறு. காலையிற் கதவு திறக்குமுன் தாமே முதலில் வந்து நின்றார். இரவு கதவடைத்துக் கடைசியாகச் சென்றார். ஆறு வாரம் இங்ஙனம் கழிந்தது. எவர் எது கேட்டாலும் ஆம், அன்று என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஓர் உத்தரவும் இடவில்லை. ஒவ்வோர் இயந்திரத்தையும், அதில் நின்றவரையும், பஞ்சு உள்ளே நுழைந்தது முதல் நூலாய் வெளியேறும்வரை நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் பார்த்துக்கொண்டேயிருந்தார். ஏழாம் வாரத்தில் உத்தரவிடத் தொடங்கினார். அதன்பின் அவர் சொல்லுக்கு மறுசொல் எழவில்லை. ஆலை நூலின் தரமும் உயர்ந்தது.

டிரிங்க்வாட்டர் மகிழ்ந்து, சம்பளத்தை ஆண்டுதோறும் உயர்த்துவதாகவும் நான்காம் ஆண்டிற் கூட்டாளியாக்குவதாகவும் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். பிறகு குடும்பச் சம்பந்தம் ஒன்று குறுக்கிடவே, அவ்வாக்கை மாற்றிக்கொள்ள விரும்பினார். ஓவன் ஒப்பந்தத் தாளை அவர் கண்முன் நெருப்பிலிட்டுவிட்டு வேலையை விட்டு விலகினார். வழக்காடியிருந்தால் வென்றிருக்கக்கூடும். மனமில்லாத முதலாளியிடம் பங்கு வாங்கிப் பயனென்ன என்று அவர் எண்ணினார்போலும்.

இனி நியூ லனார்க்குக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றின் அருவிகளை அடுத்து, நீர்விசையால் ஓடும் நூற்பாலைகளை டேவிட் டேல் என்னும் பெரும் வணிகர் 1785, 1786 ஆண்டுகளில் நிறுவியிருந்தார். ஓவனும் அவர் கூட்டாளிகளும் அவ்வாலைகளையும் ஊரையும் 1799இல் 60,000 பவுனுக்கு, இருபது ஆண்டுத் தவணையில் விலைக்கு வாங்கினர். அவ்வாண்டிலேயே டேலின் மகளார் காரலைனை ஓவன் மணந்தார். 1800ஆம் ஆண்டு ஜனவரியில் ஆலை நிர்வாகத்தை அவர் ஏற்றபோது அவருக்கு வயது 28.

ஊரின் நிலை எவ்வாறிருந்தது? சற்றேறக்குறைய 1,800 பேர் கொண்ட அவ்வூரில், அனாதை விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர் சிறுமியரே 500 பேர்வரையில் இருந்தனர். ஐந்தாறு வயதுக் குழந்தைகளும் காலை 6 மணி முதல் மாலை 7 மணிவரை ஆலையில் நின்றனர். டேல் கருணையுடையவர், அவர்களுக்கு உணவும் உடையும் குறைவின்றிக் கொடுத்தார், இரவிற் பாடமும் சொல்லுவித்தார். களைத்த குழந்தைக்கு இரவுப்பாடம் என்ன பயன் தரும்? வளர்ந்தோரிடத்துக் குடியும், பொய்யும், ஆலைச் சரக்கைத் திருடுதலும் மலிந்திருந்தன. வந்தவரோ வேற்று நாட்டார். வேல்ஸில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் கற்றவர். மேலும் கசக்கிப் பிழிவதற்கே இவர் வந்திருக்கிறார் என்று தொழிலாளர் முடிவுகட்டி, அவர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் எதிர்த்தனர்.

திருடர்களைப் போலீஸில் ஒப்புவித்துத் தண்டனை வாங்கித் தருவது அக்கால வழக்கம். சிறு திருட்டுக்கும் தண்டனை கொடியது. ஓவன் ஒருவரையும் அங்ஙனம் ஒப்புவிக்கவில்லை. சரக்கு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறுந்தோறும் அளவு எழுதி வாங்கும் கணக்குமுறையொன்றை ஏற்படுத்தினார். எந்தக் கையிற் குறைந்தது என்பது உடனே தெரிந்துவிடுமாதலின் திருட்டு தானே ஓய்ந்தது. கடைகளிற் சரக்குக் குறைந்தால் எல்லாச் சிப்பந்திகளையும் ஒருங்கே சந்தேகித்து வைவாரை நாம் அறிவோம். பொறுப்பு இன்னார்மேல் என்று வரையறுக்காத இடத்தில் நல்லவனும் கள்ளன் பட்டம் சுமக்கிறான். அவனுக்கு உள்ள முதற் பாதுகாப்பு ஒழுங்கான கணக்கே.

அவ்வூர்க் கடைகளில் மட்டமான பண்டங்கள் கடனுக்கு உயர்ந்த விலையில் விற்கப்பட்டன. ஓவன் நல்ல சரக்கை மொத்தமாக வாங்கி, அடக்கவிலைக்குச் சற்றே மேல் வைத்து விற்கும் கடையொன்றைத் திறந்தார். அதன் லாபம் பிற்காலத்திற் பள்ளிச் செலவுக்காயிற்று. நோயுற்றார்க்கும் முதியோர்க்கும் உதவச் சம்பளத்தில் அறுபதில் ஒரு பங்கு சேர்க்கும் நிதியும் ஏற்பட்டது. விடுதிச் சிறுவரைக் கொண்டுவருவது நின்றது. பத்து வயதிற்குட்பட்டோரை ஆலையிற் சேர்ப்பதும் நின்றது. இத்தனை செய்தும் தொழிலாளர் மனம் திரும்பவில்லை. நன்மை செய்கிறவனையும் ஐயுறும்படி அவர்களை முன்னை அநுபவம் பழக்கியிருந்தது.

அவர்கள் மனத்தைத் திருப்பியது ஓர் இடுக்கண். பிரிட்டனோடு ஏற்பட்ட பிணக்கினால் அமெரிக்கா தன் துறைமுகங்களை அடைத்துப் பஞ்சு ஏற்றுமதியைத் தடுத்தது. இது 1806இல் நிகழ்ந்ததென ஓவன் தம் வரலாற்றிற் குறித்திருக்கிறார். பஞ்சு விலை ஏறிவிடவே ஆலை முதலாளிகள் பலர் இயந்திரங்களை நிறுத்தி ஆட்களை வீதியில் விட்டனர். ஓவனும் இயந்திரங்களை நிறுத்தினார், ஆட்களை நிறுத்தவில்லை. இயந்திரங்களைத் துடைத்துச் சீராக வைத்திருப்பதே அவர்கள் வேலையாயிற்று. நான்கு மாதம் முழுச் சம்பளமும் ஒரு பென்ஸும் குறையாமற் கொடுக்கப்பட்டது. அதற்கான தொகை 7,000 பவுனுக்கு மேல். அந்நான்கு மாதத்தின்பின் நியூ லனார்க்கில் ஓவன் சொன்னதற்கு எதிர்ப்பில்லை. ஏறத்தாழ ஆறு ஆண்டு அறிவுரையும் ஏற்பாடும் செய்யாததை அந்த நான்கு மாதச் சம்பளம் செய்தது.

இப்பொழுது அவருடைய பெயர்பெற்ற உபாயத்தைச் சொல்லுவோம். அதனை மௌனக் கண்காணி என்று தமிழில் வழங்கலாம். இரண்டங்குல நீளமும் ஓரங்குல அகலமும் உள்ள ஒரு சிறு மரக்கட்டை, நான்கு பக்கம், ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு வர்ணம். கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என்பன அவ்வர்ணங்கள். கறுப்பு கெட்ட நடத்தைக்கும், நீலம் சுமாரான நடத்தைக்கும், மஞ்சள் நல்ல நடத்தைக்கும், வெள்ளை மிக நல்ல நடத்தைக்கும் அடையாளம். வேலை செய்யும் ஒவ்வொருவர் அருகிலும் இக்கட்டை கம்பியில் தொங்கும். முந்தினநாள் அவர் நடந்துகொண்டதற்கேற்ற பக்கம் பார்வைக்கு முன்னாக மேஸ்திரி அதனைத் திருப்பிவைப்பார். அந்நிறத்திற்குரிய எண், 4 முதல் 1 வரை, நாள்தோறும் ஒரு பேரேட்டிற் பதியப்படும். இவ்வாறு ஒவ்வொருவர்க்கும் ஆண்டுமுழுதும் எழுதிய நடத்தைக் கணக்கு உண்டு. ஓவன் ஆலையைச் சுற்றிவருங்காற் கட்டையைப் பார்ப்பார், கட்டைக்குரியவரைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் அப்பாற் செல்வார். கறுப்பைக் கண்டும் வையமாட்டார்.

தொடக்கத்தில் ஆலையெங்கும் கறுப்பே மிகுந்து காணப்பட்டது. ஆண்டுகள் செல்லச்செல்லக் கறுப்பு நீலமாகி, நீலம் மஞ்சளாகி, சிலர்க்கு வெள்ளையும் வந்தது.

இதனைப் படிக்கும் முதலாளிகள் சிலர் நாளைக்கே தச்சரை அழைத்துக் கட்டை செய்யச் சொல்லக்கூடும். சற்றுப் பொறுக்கவேண்டுகிறோம். அம்முறையில் வேறு இரண்டு விதிகளும் இருந்தன. மேஸ்திரி அநியாயமாகத் தன் கட்டையைத் திருப்பினாரென்று நினைக்கும் தொழிலாளி, அவ்வெண் பேரேட்டில் ஏறுமுன் ஓவனிடம் நேரே வந்து முறையிடலாம். அவர் இல்லாதபொழுது ஆலைத் தலைவரிடம் முறையிடலாம். இது முதல் விதி. தொழிலாளியின் கட்டையைத் திருப்பும் மேஸ்திரிக்கும் ஒரு கட்டை உண்டு. அதனைத் திருப்புபவர் ஆலைத் தலைவர். இது இரண்டாவது. கீழுள்ளவனுக்குக் குறிபோடுகிறவன் தன் குறியையும் நாடோறும் எல்லார் முன்பும் சுமந்து நின்றான். இவ்விரு விதிகளை நீக்கிக் கட்டையை மட்டும் எடுத்துக்கொண்டால் அது வெறும் அவமானக் கருவியாகும். நான்கு மாதச் சம்பளத்தை மறந்துவிட்டு எடுத்துக்கொண்டாலும் அப்படியே. தம்மைப் பட்டினியிட விரும்பாதவர் வைத்த கறுப்பு என்பதனாலேயே அக்கறுப்புக்கு மதிப்பிருந்தது.

ஆயினும் ஓவன்மீது நமக்கு ஒரு குறையுண்டு. ஆலைக்குள் நின்றிருக்கவேண்டிய கண்காணிப்பு வீட்டிற்குள்ளும் புகுந்தது. வீடு சுத்தமாயிருக்கிறதா என்று பார்க்க அவர் ஆட்களை ஏற்படுத்தியபோது பெண்கள் பலர் கதவைச் சாத்திக்கொண்டனர். அவர்கள் செய்தது நியாயமே என்போம். சம்பளம் வாங்குகிறவன் வேலைக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன், அடுப்பங்கரைக்குமா? மேலும், ஊரின் நன்மை எது என்பதைக் கடைசிவரை ஓவனே முடிவுசெய்தார். ஊராரைக் கேட்டுச் செய்தது குறைவு. மேஸ்திரிக்குக் கட்டை இருந்தது, முதலாளிக்கு இல்லை.

முதலாளியை அளந்த கோல் வேறு. அது கூட்டாளிகளின் கையிலிருந்தது. தொழிலாளர்க்கும் பள்ளிக்கும் பணம் செலவிடுவதை அவர்கள் விரும்பவில்லை. 1809இல் முதற் கூட்டு கலைந்து, 84,000 பவுன் மதிப்பிற் புதுக்கூட்டு ஏற்பட்டது. அவர்களும் அவ்வாறே முரண்பட்டு, 1813இல் ஆலையை ஏலத்திற்குக் கொண்டுவந்தனர். அவ்வாலை 40,000 பவுனும் பெறாதென்று தூற்றி, மலிவாகத் தாமே எடுத்துக்கொள்வது அவர்கள் எண்ணம். ஓவனோ அதற்குள் ஜெரமி பெந்தாம் என்னும் தத்துவ அறிஞரையும், வில்லியம் ஆலன் முதலான குவேக்கர் சமயத்துச் செல்வர்களையும் புதுக் கூட்டாளிகளாகச் சேர்த்துவைத்திருந்தார். முதலுக்கு நூற்றுக்கு 5 வட்டி எடுத்துக்கொண்டு, மிஞ்சுவதைத் தொழிலாளர் நன்மைக்கும் கல்விக்கும் செலவிடுவதென்பது அவர்கள் உடன்படிக்கை. ஏலம் ஏறி ஏறி 114,100 பவுனில் ஓவன் பக்கம் முடிந்தது. கலைந்த கூட்டின் கணக்கை முடித்துப் பார்த்தபோது, வட்டி போக, நான்காண்டு நிகரலாபம் 160,000 பவுன் என்று தெரியவந்தது. செலவாளியென்று பழிக்கப்பட்டவர் ஈட்டிய லாபம் அது. ஓவன் புதுக் கூட்டாளிகளோடு ஊர் திரும்பியபொழுது தொழிலாளர் எதிர்கொண்டு வந்து, வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே வண்டியை இழுத்துச் சென்றனர். ஆறாண்டு முகங்கொடுத்துப் பேசாதிருந்த ஊர் அது.

அவ்வாண்டையொட்டி மற்ற ஆலை முதலாளிகளை நோக்கி அவர் ஒரு விண்ணப்பம் எழுதினார். உயிரில்லா இயந்திரத்தை எண்ணெயிட்டுத் துடைத்துப் பேணுவதனால் லாபம் என்று அறிந்த நீங்கள், அதனினும் நுட்பமான உயிருள்ள இயந்திரத்தைப் பேணாதிருப்பது என்ன கணக்கு என்பது அதன் சாரம். மனிதரை இயந்திரத்தோடு ஒப்பிட்டது நமக்கு உவப்பானதன்று. லாபமொன்றையே அறிந்தாரிடம் அவர்கள் மொழியிற் பேசினாரென்று கொள்வோம். 1816 ஜனவரி முதல் நாள் அவர் திறந்த கல்விச்சாலையில் நடைபயிலும் குழந்தை முதல் எல்லார்க்கும் இடமிருந்தது; அடியும் வசையும் அங்கே விலக்கப்பட்டன. அவ்வாண்டு முதல் ஆலையில் வேலைநேரம் உணவுவேளை நீங்கலாகப் பத்தே முக்கால் மணியாயிற்று.

நாடுமுழுதும் அங்ஙனம் ஆகவேண்டுமென்று பார்லிமெண்டில் அவர் முயன்றதன் பயனாக 1819ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. பத்து வயதுக்குக் குறைந்தோர் கூடாதென்று அவர் கேட்டார்; ஒன்பது என்றது சட்டம். பத்தரை மணி நேரம் என்று அவர் கேட்டார். பன்னிரண்டு என்றது சட்டம். பஞ்சாலைகளுக்கு மட்டுமே அது செல்லும். எல்லாவற்றினும் பெருங்குறை, அச்சட்டம் நடக்கிறதா என்று பார்க்கச் சம்பளம் பெறும் இன்ஸ்பெக்டர் ஒருவரையும் அது நியமிக்கவில்லை. தம் ஆலையில் ஒவ்வொரு கதிருக்கும் பக்கத்திற் கட்டை தொங்கவிட்ட ஓவன், கண்காணியில்லாத அச்சட்டத்தைக் கண்டு மனங்கசந்தார். 1833இல்தான் இன்ஸ்பெக்டர்கள் வந்தனர். அதன்பின்பே ஆலை முதலாளிகள் சட்டத்தைப் பொருட்படுத்தலாயினர்.

பிற்கால வரலாற்றைச் சுருக்கிச் சொல்லுவோம். அமெரிக்காவில் இந்தியானா என்னும் பகுதியில் நியூ ஹார்மனி என்ற ஊரை ஓவன் 1825இல் விலைக்கு வாங்கி, பொதுவுடைமைக் குடியிருப்பொன்றைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கானோர் வந்து கூடினர். உழைக்க வந்தவரும் இருந்தனர். உண்ண வந்தவரும் இருந்தனர். எவர் எந்த வேலைக்குப் பொறுப்பு என்பது ஒழுங்குபடவில்லை. தொடங்கிவைத்த சில வாரங்களில் ஓவன் பிரசங்கங்களுக்காகவும் மற்ற வேலைகளுக்காகவும் புறப்பட்டு, மகனிடம் ஊரை விட்டு, அவ்வாண்டின் பெரும்பகுதி வெளியிலேயே கழித்தார். மான்செஸ்டரில் முதலில் வந்து கடைசியிற் சென்ற அந்த ஆறு வாரங்களை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. 1827க்குள் அக்குடியிருப்பு குலைந்தது. அவர் தேடிய செல்வத்தில் ஐந்தில் நான்கு பங்கு அதனோடு போயிற்று. நியூ லனார்க்கிலும் கூட்டாளிகளோடு கல்வித்திட்டம்பற்றி வேற்றுமை முற்றி, 1820களில் அவ்வூரை விட்டு நீங்கினார்.

பின் முப்பதாண்டு அவர் தொழிற்சங்கங்களுக்காகவும் கூட்டுறவுக்காகவும் எழுதியும் பேசியும் வந்தார். பணம் இல்லை, மதிப்பு இருந்தது. 1858இல், 87 வயதிற் கூட்டமொன்றிற் பேசச் சென்றவிடத்து நோயுற்று, பிறந்த ஊருக்குக் கொண்டுசெல்லுமாறு வேண்டினார். நவம்பர் 17ஆம் தேதி நியூடவுனில், தாம் பிறந்த வீட்டிற்கு அடுத்தாற்போலிருந்த விடுதியில் உயிர்நீத்தார். தாய்தந்தையர் கல்லறைக்கருகில் அவரை அடக்கம் செய்தனர்.

நியூ லனார்க் ஆலைகள் 1968வரை ஓடின. ஊரையும் ஆலைகளையும் பழுதுபார்த்துக் காத்துவந்ததன் பயனாக 2001இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. மௌனக் கண்காணிக் கட்டைகள் சில இன்றும் பாதுகாத்து வைக்கப்பட்டிருக்கின்றன. நான்கு வர்ணமும் அவற்றில் தெரிகின்றன.